பெரட்டுத் தப்பும் மெம்பிஸ் முரசும்

நமுனுகுலை மலையின் சரிவிலே ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயங்கள் விடியுமுன்பே விழித்துக்கொள்ளும். இன்று அவற்றை எழுப்புவது கைத்தொலைபேசியாக இருக்கலாம், சங்காக இருக்கலாம். ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக விடியலை அறிவித்தது தப்பு என்னும் தோற்கருவிதான். இருள் பிரியாத வேளையில், பனியில் தொய்ந்துபோன தோலை நெருப்பிலே காட்டி முறுக்கேற்றி, லயத்துக்கு லயம் கேட்கும்படி தப்புக்காரர் அடிப்பார். அந்த அடிக்குப் பெரட்டுத் தப்பு என்று பெயர். துரைமாரின் 'பரேட்' என்ற சொல்லே மக்கள் நாவில் பெரட்டு ஆயிற்று. சத்தம் கேட்ட மாத்திரத்தில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். அங்கே ஆள் எண்ணப்படும், மலை பிரிக்கப்படும். அன்று மாலை எடுத்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

அதே தப்பு மாரியம்மன் திருவிழாவில் ஒலித்தது. மாசி அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் நட்டதும் இரவிரவாக ஒலித்தது. லயத்தில் ஓர் உயிர் பிரிந்தால் முதலில் செய்தி சொன்னதும் அதுதான். ஒரே தோல், ஒரே இரண்டு குச்சிகள். அடிதான் வேறு வேறு. பழகிய காது, அடியைக் கேட்டே அது சாவா, சாமியா, துரையின் கட்டளையா என்று சொல்லிவிடும். இத்தனை மொழி பேசிய கருவியை அடித்தவர் யார்? கங்காணியோடு சேர்ந்து சாதியும் கடல் கடந்து வந்தது. லயக்காம்பரா பிரிக்கப்பட்டபோதும் அதை எவரும் மறக்கவில்லை. தப்படிப்பது ஒரு பிரிவினரின் கடமை என்று விதிக்கப்பட்டது. கலைஞன் என்ற பெயர் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

பழைய கதைதானே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் பதுளைப் பகுதிப் பாடசாலை ஒன்றின் கலைவிழாவுக்கு நாம் சென்றிருந்தோம். பரதம் இருந்தது, கீர்த்தனை இருந்தது, திரைப்பாட்டுக்கு ஆட்டமும் இருந்தது. மாணவர் சிலர் தம் தகப்பன்மாரின் தப்புகளைக் கொண்டுவந்து அடிக்க அனுமதி கேட்டார்களாம். "சாவுக்கு அடிக்கிறதை மேடைக்குக் கொண்டு வருவதா?" என்று ஒருவர் சொன்னாராம். சொன்னவர் தோட்டத்திலே பிறந்து, லயத்து விளக்கிலே படித்து ஆசிரியரானவர். அவர் தீயவர் அல்லர் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். தம் பிள்ளைகளை எந்த இழிவிலிருந்து மீட்க எண்ணினாரோ, அந்த இழிவின் அடையாளமாகவே தப்பு அவர் கண்ணில் பட்டது. அவருக்கு மறுமொழி சொல்வது எளிதன்று.

1960களில் இந்நாட்டின் முற்போக்கு எழுத்தாளர்கள் இதையொத்த ஒரு வழக்கை வேறு களத்தில் நடத்தினார்கள். உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் எழுதியதற்காக அவர்களது படைப்புகள் இழிசனர் இலக்கியம் என்று ஏளனம் செய்யப்பட்டன. மரபு பற்றிய அந்த வாதத்திலே அவர்கள் பின்வாங்கவில்லை. இன்று தோட்டத்துப் பேச்சு இல்லாமல் மலையகச் சிறுகதை இல்லை. பேச்சு ஏட்டில் ஏறிவிட்டது. தாளம் ஏன் வாசலிலே நின்றுவிட்டது? தாலாட்டையும் ஒப்பாரியையும் நாட்டார் இலக்கியம் என்று ஏற்றுக்கொண்ட நாம், உடலை ஆட்டுவிக்கும் தாளத்தைக் கண்டால் சற்றே கூசுகிறோம். துயரம் மதிக்கத்தக்கது, ஆட்டம் மலிவானது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு, இடதுசாரிகளுக்குங்கூட, உண்டு.

இந்தக் கூச்சத்தை ஆராய இன்னொரு தோட்ட உலகத்தின் கதை துணைசெய்யும். அது அமெரிக்காவின் தென்பகுதி. அங்கே பருத்தி, இங்கே கோப்பியும் தேயிலையும். பிரித்தானியப் பேரரசு 1833ல் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தபின் அதன் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடித் தமிழகத்தின் வறண்ட கிராமங்களைப் பார்த்தார்கள். ஆகவே இரண்டு கதைகளும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் என்று கொள்வதில் தவறில்லை.

ஆனால் முரசைப் பொறுத்தவரை இரு நாட்டு முதலாளிகளும் நேர் எதிரான வழிகளில் சென்றனர். தென் கரோலினாவிலே 1739ல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசு முழக்கி ஆள் சேர்த்தார்கள். மறு ஆண்டிலேயே அங்கு ஒரு சட்டம் வந்தது: அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கலாகாது. செய்தி சொல்லும் கருவி அபாயமானது என்பதை அந்த எசமானர்கள் உணர்ந்திருந்தார்கள். இலங்கைத் தோட்டத்துத் துரை முரசைத் தடைசெய்யவில்லை. அதைவிடச் சூட்சுமமான காரியம் செய்தார். முரசையே தம் ஏவலாளாக்கிக்கொண்டார். அங்கே முரசு பறிக்கப்பட்டது. இங்கே முரசு வேலைக்கு அமர்த்தப்பட்டது.

முரசு பறிபோனவர்கள் கையைத் தட்டினார்கள், தொடையில் அடித்தார்கள், பலகைத் தரையைக் காலால் உதைத்தார்கள். மேளமின்றியே தாளம் பிழைத்தது. வயலில் பாடிய வேலைப்பாட்டும் தேவாலயத்தில் பாடிய துதிப்பாட்டும் நகரத்துக்கு வந்து கலந்து, 1950களின் பிற்பகுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் 'சோல்' என்ற இசையாயின. ஆன்மா என்பது அச்சொல்லின் பொருள். பாடகரின் குரலே அதில் தலைமை. உள்ளத்தைப் பிழிந்து பாடுவதே அதன் இலட்சணம். அதன் வயிற்றிலிருந்து 1960களின் நடுவிலே 'ஃபங்க்' பிறந்தது. கருமக்களின் பேச்சு வழக்கில் அச்சொல் உடல் நாற்றத்தை, வியர்வை வாடையைக் குறிப்பது. நமது 'இழிசனர்' என்ற வசையைத் தலையில் சூடிக்கொண்டது போன்ற பெயர் அது! இந்த இசையில் இராகம் பின்னுக்குப் போகிறது. கித்தார், எக்காளம், பாடகரின் தொண்டை எல்லாமே முரசுகளாகின்றன. தாளவட்டத்தின் முதல் அடியிலே எல்லாரும் ஒன்றாக வந்து விழுகிறார்கள். இதை உருவாக்கியவர்களில் முதன்மையான ஜேம்ஸ் பிரவுன் 1933ல் பிறந்தது எந்த மாநிலத்தில்? முரசுக்குத் தடை விதித்த அதே தென் கரோலினாவில். வரலாறு சில வேளைகளில் இப்படிக் கணக்குத் தீர்க்கிறது.

நாம் விரித்துச் சொல்ல விரும்புவது அவரைப் பற்றியன்று. ரூஃபஸ் தாமஸ் என்ற மூத்த பாடகரைப் பற்றி. 1917ல் மிசிசிப்பியின் கேய்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு வாரக்குடியானவரின் மகனாகப் பிறந்தவர். வாரக்குடியானவன் என்றால் விளைச்சலில் பங்குக்கு நிலம் உழுபவன். விதைக்கும் உணவுக்கும் நிலச்சொந்தக்காரரிடம் கடன் வாங்கி, ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் மீண்டும் கடனாளியாகவே நிற்பவன். நம்மவர்க்கு இது அந்நியமான கதையன்று. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டம் போக முடியாதபடி செய்த 'துண்டு' முறை இலங்கையில் 1921 வரை இருந்தது.

குடும்பம் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. ரூஃபஸ் 1930களில் ஊர் ஊராகச் சுற்றிய கூடார நாடகக் குழுக்களில் ஆடிப் பாடினார். அதில் வயிறு நிறையவில்லை. துணி வெளுக்கும் ஆலை ஒன்றில் கொதிகலனைக் கவனிக்கும் தொழிலாளியாக இருபதாண்டுகளுக்கு மேல், 1963 வரை, உழைத்தார். ஆலை வேலை முடிந்ததும் கருமக்களுக்கான நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிய வானொலி நிலையத்துக்குச் சென்று அறிவிப்பாளராக அமர்வார். நாம் அவரைத் தொழிலாளி என்று அழைப்பது உவமையாக அன்று.

1953ல் அவர் பாடிய ஓர் இசைத்தட்டுத்தான் மெம்பிஸின் சன் நிறுவனத்துக்கு நாடளாவிய முதல் வெற்றியைத் தேடித் தந்தது. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் எல்விஸ் பிரெஸ்லி என்னும் வெள்ளை இளைஞரைக் கண்டெடுத்தது. அதன்பின் கருநிறப் பாடகர்கள் அங்கே வேண்டாதவராயினர். இதை ரூஃபஸ் பிற்காலத்தில் பகிரங்கமாகவே குறைகூறினார். ஸ்டாக்ஸ் என்ற மற்றொரு மெம்பிஸ் நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்தது. 1963ல் அங்கே அவரது முதல் இசைத்தொகுப்பு வந்தது. பிறகு ஏழாண்டுகள் தொகுப்பு ஏதுமில்லை.

அந்த ஏழாண்டுகளில் மெம்பிஸில் நடந்தவை பெரியவை. 1968 பெப்ரவரி முதல் நாள் இரு துப்புரவுத் தொழிலாளர் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி மாண்டனர். 12ஆம் நாள் ஏறக்குறைய 1,300 தொழிலாளர் வேலையை நிறுத்தினர். தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளை மார்பிலே தாங்கி நடந்தனர். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ல் லொரெய்ன் விடுதியில் சுடப்பட்டார். ஸ்டாக்ஸ் இசைக்கலைஞர்கள் கருப்பு வெள்ளை பேதமின்றிக் கூடியிருந்து பாட்டுக் கட்டிய விடுதி அது. அதே ஆண்டில், பெரிய நிறுவனமான அட்லாண்டிக்குடன் ஸ்டாக்ஸ் செய்திருந்த ஒப்பந்தம் முறிந்தபோது, அதுவரை பதிவான இசைத்தட்டுகளின் மூல நாடாக்கள் தம்முடையவையல்ல என்று ஸ்டாக்ஸ்காரர்கள் கண்டுகொண்டார்கள். ஒப்பந்தத்தின் ஒரு வாசகத்திலே அத்தனையும் கைமாறியிருந்தன. பாடியவர் ஒருவர், அடித்தவர் ஒருவர், உடைமை வேறொருவருக்கு.

இந்தச் சாம்பலில் நின்றுகொண்டு ஸ்டாக்ஸ் புதிய இசைத்தட்டுகளைக் குவிக்கத் தொடங்கியது. அப்படி 1970ல் வந்த ஒன்றுதான், ஐம்பதைக் கடந்த ரூஃபஸ் தாமஸின் 'டூ த ஃபங்க்கி சிக்கன்'. கோழியைப் போல முழங்கைகளைச் சிறகாக அடித்து ஆடும் ஆட்டத்துக்கான பாட்டு! ஒரு தலைவர் சுடப்பட்ட நகரத்தில், வேலைநிறுத்தத்தின் காயம் ஆறாத தெருக்களில், இதுதானா பாட வேண்டியது என்று கேட்கத் தோன்றும். நமக்கும் முதலில் தோன்றியது.

தொகுப்பை முழுமையாகக் கேட்டபோது அந்தக் கேள்வி கரைந்தது. வெள்ளைக் குழந்தைகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் பண்ணைப் பாட்டொன்றை எடுத்து, பண்ணையில் உண்மையாகவே உழைத்தவர்களின் வாரிசு தன் தாளத்தில் போட்டுப் புரட்டுகிறார். 1953ல் சன் நிறுவனத்துக்குக் கொடுத்த அதே பாட்டை மறுபடி பாடித் தனதாக்கிக்கொள்கிறார். எல்லாவற்றிலும் கூர்மையானது வேறொன்று. வாடகை கொடுக்க வழியில்லாத கருநிறத்தானைக் கேலிசெய்து 1905ல் வெள்ளை நாடகமேடைக்காக எழுதப்பட்ட பழம்பாட்டு ஒன்று இதில் உண்டு. எவரைப் பார்த்துச் சிரிக்க அது எழுதப்பட்டதோ, அவர் குலத்தவரே அதைப் பாடுகிறார். சிரிப்பின் திசை மாறிவிடுகிறது. பக்கத்தில் வாசித்தவர்கள் பார்-கேய்ஸ் குழுவினர். 1967 டிசம்பரில் ஓட்டிஸ் ரெடிங் இறந்த விமான விபத்தில் அக்குழுவின் பெரும்பாலோர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் புதியவர்களைச் சேர்த்துக் கட்டியெழுப்பிய குழு இது. அவர்களுடைய தாளத்தில் இழவுவீட்டின் சாயல் துளியும் இல்லை. அதுவே நம்மை அதிகம் தொட்டது.

1972 ஆகஸ்ட் 20ல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளையாட்டரங்கில், வாட்ஸ் பகுதிக் கிளர்ச்சியின் நினைவாக ஸ்டாக்ஸ் நடத்திய விழாவுக்கு ஒரு லட்சம் பேர் திரண்டனர். நுழைவுச்சீட்டு ஒரு டொலர். ரூஃபஸ் கோழியாட்டப் பாட்டைப் பாடியதும் சனங்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். புல்தரையைக் கெடுக்கக் கூடாது என்பது அரங்கத்தாரின் நிபந்தனை. ஐம்பத்தைந்து வயதுப் பாடகர், பளபளக்கும் இளஞ்சிவப்பு உடையுடன் நின்று, கிண்டலும் கட்டளையுமாகப் பேசிப் பேசியே அத்தனை பேரையும் தம் இருக்கைகளுக்குத் திருப்பினார். எவர்மீதும் தடி விழவில்லை. கூட்டத்தை எழுப்பவும் அமர்த்தவும் தெரிந்த அந்த வித்தையை அவர் கூடார நாடகத்தில் கற்றிருந்தார்.

ஆனாலும் கதையை இனிப்பாக முடிப்பது நேர்மையாகாது. ஸ்டாக்ஸ் 1975ன் முடிவில் கடனில் மூழ்கியது. ஜேம்ஸ் பிரவுனுக்கு மேளம் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 1969 நவம்பரில் பதிவுக்கூடத்தில் அடித்த சில வினாடித் தனித் தாளம், பிற்காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் எடுத்தாளப்பட்டது. பாட்டின் உரிமையில் அவருக்குப் பங்கில்லை. 2017ல் அவர் இறக்கும்வரை நிலைமை ஏறக்குறைய அப்படியேதான். தாளத்துக்கு ஆசிரியன் இல்லை என்று சட்டம் கருதுகிறது போலும்! நமது தப்புக்காரருக்குப் பேரில்லாததும் இதே நியாயத்தினாலேதான்.

இனி நமது மலைக்குத் திரும்புவோம். துயரமும் ஆட்டமும் இருவேறு பொருள்கள் என்ற எண்ணத்துக்கு நம்மிடமே ஒரு மறுப்பு இருக்கிறது. அது காமன் கூத்து. சிவனின் கண் தீயில் மன்மதன் எரிகிறான். ரதி புலம்புகிறாள். அந்தப் புலம்பல் முழுக்க முழுக்க ஒப்பாரி. ஆனால் அதைத் தாங்கி நிற்பது தப்பின் ஆட்டத் தாளம். ரதியாக வேடங்கட்டும் ஆணின் கால் நிற்பதில்லை. அழுதுகொண்டே ஆடுகிறார், பார்ப்போரும் அப்படியே. மூன்றாம் நாள் காமன் உயிர்த்தெழுகிறான். மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்த ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் உழைப்பால் சொற்கள் ஏட்டுக்கு வந்தன. நாம் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். ஆயினும் அடி ஏட்டுக்கு வரவில்லை. எத்தனை வகை அடிகள், எவருடைய கையில் எது சிறந்தது என்பதெல்லாம் கைமாறிக் கைமாறியே வந்தது. கைமாற மறுத்தால் மறைந்துவிடும்.

ஆட்டத்துக்குரிய மெட்டுகளை அரசியல் தொட்டதும் இங்கே நடந்திருக்கிறது. 1931ல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளிலே தொழிலாளர் நிலையைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார்; 1940ல் அவை சிறுநூலாகவும் வந்தன. அதே 1940ல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸைத் தோட்டத்திலே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தித் தங்களுக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டனர்; அக்குழுவைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்பவேண்டியதாயிற்று. பொலிஸ் அடக்குமுறை பின்னர் அதை நசுக்கியது. வேலைநிறுத்தம் என்பது வேறென்ன? பெரட்டுத் தப்புக் கேட்டும் லயத்திலிருந்து ஒருவரும் புறப்படாதிருப்பதுதான்.

பிறகு 1948ன் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964ல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பதாகத் தள்ளிவைத்தது. அப்படிக் கப்பலேற்றப்பட்ட தேயிலைத் தொழிலாளிகளில் ஒருவர் வள்ளியம்மாள். அவருடைய பேரன் அறிவு, அரக்கோணத்தில் வளர்ந்த பாடகர். 2021 மார்ச்சில் அவரும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் ஆடப்பட்டது. ஒப்பாரியும் ஆட்டமும் அதில் ஒரே பாட்டின் இரு கைகள். பாட்டியின் நினைவையே பேரன் ஆட்டமாக்கியிருந்தார். 2024ல் அவர் தம் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயரிட்டார். அதே வேளையில் அந்த முதற்பாட்டின் உரிமையும் பெருமையும் யார் யாருக்கு என்ற பூசல் 2022ல் பொதுவெளியிலே வெடித்ததையும் நாம் மறக்கலாகாது. மெம்பிஸின் மூல நாடாக்கள் நினைவுக்கு வராமற் போகுமா?

தப்பை மேடைக்கு விட மறுத்த அந்த ஆசிரியரை நாம் பின்னர் ஒருமுறை சந்தித்தோம். ரூஃபஸ் தாமஸின் கதையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "அவர் மேடையில் ஏறிப் பாடினார், ஐயா. எங்கள் ஆளை மேடையில் ஏற்றிவிட்டு, மறுநாள் சாவுக்கும் வந்து அடி என்று கூப்பிடுவார்களே, அதற்கு என்ன செய்வீர்கள்?" என்றார். நாம் விடை சொல்லவில்லை. இன்றும் முழு விடை நம்மிடம் இல்லை. கருவியை உயர்த்திக் கையைத் தாழ்த்தும் தந்திரம் நகரத்து விழாக்களிலும் நடப்பதை நாம் அறிவோம். சாவுக்கு அடிக்க மறுக்கும் உரிமையும், விரும்பினால் அடித்து உரிய கூலி பெறும் உரிமையும் கிட்டாத இடத்தில் மேடை மாத்திரம் என்ன செய்யும்?

அந்த மாணவர்களில் ஒருவனையும் கண்டோம். அவன் உயர்தரம் எழுதிவிட்டுப் பதுளை நகரில் வேலைக்குப் போய்வருகிறான். தப்பு என்னவாயிற்று என்று கேட்டோம். வீட்டில் அடுப்புக்கு மேலே தொங்குகிறதாம். புகைக்குத் தோல் கெடாமல் இருக்குமாம். வரும் மாசியில் காமன் ஊன்றும்போது இறக்குவதாகச் சொன்னான். தகப்பனுக்கு இப்போது கை நடுங்குகிறது. அவர் வாயால் அடியைச் சொல்ல, இவன் அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொண்டிருக்கிறான். இதுவரை பதினொரு அடிகள் சேர்ந்திருக்கின்றனவாம். பெரட்டு அடியையும் பதிந்தாயா என்று கேட்டோம். "அதை அப்பா சொல்ல மாட்டேங்கிறாருங்க" என்றான்.